தாலி இருக்கிறது, சூராட் இல்லை: அண்ணன் வீடு யாருக்கு?

லயத்துக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டு வெளியே வந்து தாமான் குடியிருப்பில் சொந்தமாக வீடு வாங்கியது அண்ணன் ஒருவர்தான். தைப்பூசம் முடிந்த வாரம் மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை. வீட்டின் கிராண்ட், அதாவது பட்டா, அவர் பேரில் மட்டும். 1998ல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம், ஊரே வந்து சாப்பிட்டது. ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவிலாகாவில் பதியவில்லை, அதனால் சூராட், அதாவது கல்யாண சர்டிபிகேட், இல்லை. பெரியவள் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், சின்னவன் இடைநிலைப் பள்ளியில் பாரம் ஐந்து. ஈபிஎப் சேமநிதியில் அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே அம்மாவை நாமினியாகப் போட்டார், அப்புறம் மாற்றவே இல்லை. அப்பா முன்னாடியே தவறிவிட்டார்.

இப்போது என் தம்பி, "அண்ணி சட்டப்படி மனைவியே இல்லை, வீடு நம் குடும்பத்துக்கு வரணும்" என்கிறான். கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி வைத்துக்கொண்டு அண்ணியை மிரட்டுகிறான். பக்கத்து வீட்டு அக்காவோ, "இந்திரா காந்தி கேஸ்ல ஜெயிச்ச மாதிரி கோர்ட்டுக்குப் போ, பொம்பளைங்க பக்கம்தான் இப்போ தீர்ப்பு வருது" என்கிறார். நிஜமா?

ஈப்போ ரோடு:
அந்தக் கேஸ் வேறு, இது வேறு அக்கா. அது ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்கிற தாய், தன் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு. இதையும் அதையும் கலக்காதீர்கள்.

காத்தாயி பேரன்:
இருபத்தைந்து வருசத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளை மனைவி இல்லை என்று சொல்ல உங்கள் தம்பிக்கு வாய் வருகிறதே. கருமாதிச் சாப்பாட்டை யார் சமைத்தது என்று கேளுங்கள்.

துப்பாசி62:
தங்கச்சி, நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லாயர் இல்லை. ஆனால் இந்த மாதிரி வழக்கு இரண்டு தரப்பு வாயிலிருந்தும் என் வாய் வழியாகத்தான் நீதிபதிக்குப் போயிருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூட்டு. தம்பி அந்தப் பூட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 8ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒரு வீட்டில் இருப்பவரை அவர் சம்மதம் இல்லாமல், சட்ட வழியில் இல்லாமல் வெளியேற்றினால், அந்த வீடு யார் பேரில் இருந்தாலும் சரி, அவர் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வரலாம். தம்பி கையில் இறந்தவர் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகப் பத்திரமும் இல்லை, கோர்ட் ஆணையும் இல்லை. அண்ணி பயந்துகொண்டு தானாக மூட்டை கட்டிவிடக் கூடாது. மிரட்டினால் போலீஸ் ரிப்போர்ட் போடட்டும்.

அடுத்து பங்கு. உயில் இல்லாமல் இறந்த, முஸ்லிம் அல்லாதவர் சொத்துக்கு 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம். 1997ல் திருத்தப்பட்டது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இதெல்லாம் சட்டம் ஒப்புக்கொண்ட மனைவிக்கும் பிள்ளைக்கும் உள்ள கணக்கு.

அண்ணி மனைவி இல்லை, அந்தப் பிள்ளைகள் சட்டப்படி பிறந்தவர்கள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன நடக்கும்? மனைவியும் பிள்ளையும் இல்லாமல் இறந்தவரின் சொத்து முழுவதும் உயிரோடு இருக்கும் தாய்க்கு. முழுவதும். தம்பிக்கு ஒரு சென் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. உடன்பிறந்தவர்கள் வரிசையில் அதற்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். "குடும்பத்துக்கு வரணும்" என்று கத்துகிறவர் இதை யாரிடமும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஈபிஎப் பணமும் அப்படித்தான். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் போட்ட நாமினிக்கு அந்தப் பணம் சொந்தம், பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளியாக அவர் வாங்கவில்லை. ஆக, வீடும் பணமும் உங்கள் அம்மா கையில் வந்து நிற்கின்றன. நீங்கள் எல்லாரிடமும் கேட்டீர்கள், அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே.

லயத்துக்காரி:
ஐயா, நிஜமாகவே அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு எண்பது நெருங்குகிறது, காதும் சரியாகக் கேட்காது. மகன் போன துக்கத்தில் இருப்பவரிடம் சொத்துப் பேச்சு எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஈப்போ ரோடு:
துப்பாசி ஐயா, ஒரு எதிர்வாதம். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் 34ஆம் பிரிவு இருக்கிறதே. பதிவு செய்ததாலோ செய்யாததாலோ மட்டும் ஒரு திருமணம் செல்லும், செல்லாது என்று ஆகிவிடாது என்று அதில் எழுதியிருக்கிறது. பிறகு எப்படி அண்ணி மனைவி இல்லை என்கிறீர்கள்?

துப்பாசி62:
நல்ல கேள்வி. நான் "மனைவி இல்லை" என்று தீர்ப்புச் சொல்லவில்லை, "இல்லை என்றே வைத்துக்கொண்டாலும்" என்றுதான் எழுதினேன். 34ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு வாதாடியவர்கள் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, சட்டம் அமலுக்கு வந்த 1982 மார்ச் 1க்குப் பிறகு இந்தச் சட்டம் சொல்லும் முறையில் தவிர வேறு எப்படியும் திருமணம் நடத்தக் கூடாது என்கிறது. அந்த முறை என்பது பதிவாளர் முன்னாலோ, துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்ட கோயில் பொறுப்பாளர் முன்னாலோ நடப்பது. ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது மூடுகிறது. இந்த இடுக்கில் நுழைய உயர்நீதிமன்றம் போக வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும், எதிர்த் தரப்பு மேல்முறையீடு செய்தால் புத்ராஜெயாவில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் மேலான கூட்டரசு நீதிமன்றம் வரை ஓட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு உண்டு. 75ஆம் பிரிவு. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தாலும், திருமணம் நடந்தபோது பெற்றோரில் ஒருவராவது அது செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தால், பிள்ளையைச் சட்டப்படி பிறந்ததாகவே கருத வேண்டும். கோயில் ரசீது, பத்திரிகை, படங்கள் எல்லாம் அங்கே உதவும். கோயிலில் கொடுத்த ரசீதைப் பலபேர் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார்கள், அதுதான் கல்யாண சர்டிபிகேட் என்று நம்பிக்கொண்டு. நம்பியது உண்மை என்றால் அந்த நம்பிக்கைக்கே சட்டத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது.

பால்காட்டுக் கிழவன்:
என் அப்பா அம்மாவுக்கும் சர்டிபிகேட் இல்லையே. 1961ல் தோட்டத்தில் கட்டியது. அப்போ நாங்களும் சட்டப்படி பிள்ளை இல்லையா? சொத்து ஒன்றும் இல்லை, சும்மா கேட்கிறேன்.

துப்பாசி62:
அண்ணே, 1982 மார்ச் 1க்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணம் செல்லும். நிம்மதியாகத் தூங்குங்கள்.

மஞ்சள்கயிறு:
இந்த இழையில் நானும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பதிவும் உண்டு, மணவிலக்கு ஆணையும் உண்டு. மாதம் ஜீவனாம்சம் கொடுத்துக்கொண்டிருந்தவர், மகளுக்கு 18 ஆனதும் நிறுத்திவிட்டார். "கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது, 18க்கு மேல் கொடுக்க வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஏதோ பழைய தீர்ப்பை அனுப்புகிறார். மகள் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு.

ஈப்போ ரோடு:
அக்கா, அவர் அனுப்பியது 2004 தீர்ப்பாக இருக்கும். அதுவும் நம்மவர் குடும்ப வழக்குதான். அப்போது அதே 1976 சட்டத்தின் 95ஆம் பிரிவு, உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால்தான் 18க்கு மேல் நீளும் என்று இருந்தது. யூனிவர்சிட்டியில் படிப்பது குறைபாடு இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. எழுத்துப்படி பார்த்தால் சரி, ஒரு தாய் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். அந்தப் பிரிவையே நாடாளுமன்றம் 2017ல் திருத்திவிட்டது. 2018 டிசம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை ஆணை நீளலாம். அவருக்கு இந்தத் தேதியை மட்டும் திருப்பி அனுப்புங்கள். பழைய ஆணையில் 18 என்று போட்டிருந்தால் அதை மாற்றச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம். ஆணையில் என்ன வாசகம் என்று முதலில் பாருங்கள்.

மஞ்சள்கயிறு:
நன்றி தம்பி. ஆணையை இரும்புப் பெட்டியில் வைத்தேன், தேடுகிறேன். லாயர் வைக்க வசதி இல்லை.

ஈப்போ ரோடு:
ஜபாத்தான் பந்துவான் குவாமான், அதாவது அரசாங்கச் சட்ட உதவி இலாகா, ஈப்போவில் இருக்கிறது. குடும்ப வழக்கு அவர்கள் எடுப்பார்கள். சம்பளச் சீட்டு, ஐசி அடையாள அட்டை, ஆணையின் நகல் கொண்டுபோங்கள், வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வைபிஜிகே சட்ட உதவி அறவாரியம் என்று யாராவது சொன்னால் அது கிரிமினல் கேஸுக்கு மட்டும்.

தாமான் தம்பி:
நம்ம ஆளுங்களுக்கு எங்கே நியாயம் கிடைச்சிருக்கு? இந்திரா காந்திக்குத் தீர்ப்பு வந்து என்ன ஆச்சு? அந்தப் பிள்ளை கையில வந்துச்சா? இந்த நாட்டுல

நெறியாளர்:
தாமான் தம்பியின் பதிவில் பாதியை எடுத்துவிட்டேன். மற்ற மதத்தாரைப் பற்றி இங்கே வேண்டாம். வழக்கைப் பற்றிப் பேசுங்கள்.

துப்பாசி62:
தம்பியின் கோபத்தை வெட்டினாலும் கேள்வியை வெட்ட முடியாது. நம் பக்கத்து ஊர் விஷயம் என்பதால் சொல்கிறேன். ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் இந்திரா காந்தி. 2009ல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மாற்றி, பதினொரு மாதக் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கு முன் 2007 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் வேறொரு வழக்கில், தாய் தந்தையில் யாராவது ஒருவர் மாற்றினால் போதும் என்கிற பார்வையைப் பெரும்பான்மையாக எடுத்திருந்தது. 2018 ஜனவரி 29ல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, இரண்டு பேர் சம்மதமும் வேண்டும் என்று அதைத் திருப்பிப் போட்டார்கள். தீர்ப்பை எழுதியவர் ஜைனுன் அலி. நாடாளுமன்றத்தில் இதையே 1976 திருமணச் சட்டத்தில் சேர்க்க 88ஏ என்று ஒரு பிரிவு வந்து, 2017 ஆகஸ்ட்டில் மீட்டுக்கொள்ளப்பட்டது. அரசியல்வாதிகள் இறங்கிய படியில் நீதிபதிகள் ஏறினார்கள்.

அது தனி வழக்கோடு நிற்கவும் இல்லை. பெர்லிஸ் மாநிலத்தில் இதேபோன்ற லோ சியூ ஹோங் வழக்கில் 2023ல் உயர்நீதிமன்றம் தாய்க்கு எதிராகச் சொன்னது, 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 2018 தீர்ப்பைப் பின்பற்றி மதமாற்றம் செல்லாது என்றது. மே மாதம் பெர்லிஸ் சமய மன்றம் மேலே போகக் கேட்ட அனுமதியைக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆக, தீர்ப்பு வீண் இல்லை. ஆனால் ஒரு குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்ப்பது நீதிபதியின் வேலை அல்ல, போலீஸின் வேலை. 2016லேயே கூட்டரசு நீதிமன்றம், கணவர் மேல் இருந்த பிடியாணையை நிறைவேற்றும்படி போலீஸுக்கு உத்தரவு போட்டிருந்தது. 2018 தீர்ப்புக்குப் பிறகும் வருடக்கணக்கில் அந்த அம்மா மகளைப் பார்க்கவில்லை. தாமான் தம்பிக்குக் கோபம் வருவது அந்த இடத்தில் என்றால் எனக்கும் வருகிறது.

லயத்துக்காரி கேட்டதற்கு வருகிறேன். பெரிய தீர்ப்புகள் எல்லாம் பதிந்த திருமணத்தின் மேல் நின்று வந்தவை. அந்தத் தாய்க்கு நிற்க ஒரு தரை இருந்தது. உங்கள் அண்ணிக்கு அந்தத் தரையே இருக்கிறதா என்பதுதான் முதல் வழக்காக இருக்கும்.

காத்தாயி பேரன்:
அப்போ அண்ணி இத்தனை வருசம் வீட்டுக்குக் கட்டிய காசு? தண்ணியில் போட்ட உப்பா?

லயத்துக்காரி:
அண்ணி கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மாதத் தவணை பாதி அவர் கணக்கிலிருந்துதான் போனது. சமையலறை நீட்டியதும் அவர் காசு.

ஈப்போ ரோடு:
அப்படியானால் அது தனி வழி. மனைவி என்ற முறையில் கேட்காமல், காசு போட்டவர் என்ற முறையில் கேட்பது. கிராண்ட் ஒருவர் பேரில் இருந்தாலும், பணம் போட்ட இன்னொருவருக்காக அதில் ஒரு பகுதியை அவர் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருந்தார் என்று சிவில் கோர்ட்டில் வாதாடலாம். பேங்க் ஸ்டேட்மெண்ட், கான்ட்ராக்டர் ரசீது எல்லாம் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பழைய ஸ்டேட்மெண்ட் பேங்கில் கேட்டு வாங்கக் காலம் போகப் போகக் கஷ்டம். வீடு கைமாறிவிடும் என்று பயம் இருந்தால் நில அலுவலகத்தில் தனியார் கவியட், அதாவது கைமாற்றத்தைத் தடுக்கும் குறிப்பு, போடலாம். பாரம் 19பி, ஆறு வருடம் நிற்கும். ஆனால் காரணமே இல்லாமல் போட்டால் நஷ்டஈடு கட்ட வேண்டி வரும், லாயரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எம்ஆர்டிஏ காப்புறுதி இருந்ததா என்று பேங்கில் கேட்டீர்களா? இருந்தால் மீதிக் கடனை அது கட்டிவிடும்.

லயத்துக்காரி:
எம்ஆர்டிஏ இருக்கிறது, கேட்டுவிட்டோம். பெட்டியில் அப்பா தோட்டத் தொழிலாளராகச் சேர்ந்த நிலநிதிக் கூட்டுறவின் பங்குச் சீட்டும் கிடைத்தது, அது தனிக் கதை.

துப்பாசி62:
அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் கூட்டுறவைத் தொடங்கிய சம்பந்தன் காலத்துச் சீட்டு பல வீடுகளில் இன்னும் இறந்தவர் பேரிலேயே கிடக்கிறது.

இப்போது என் அபிப்பிராயம். இந்தக் குடும்பத்தில் கோர்ட் கடைசி வாசல். முதல் வாசல் உங்கள் அம்மா. காது கேட்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசுங்கள். இதில் அவசரமும் இருக்கிறது. பகிர்வு முடியும் முன் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவருக்கு வர வேண்டியது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதாவது உங்களுக்கும் தம்பிக்கும். அண்ணனின் பிள்ளைகள் அப்போதும் வெளியேதான் நிற்பார்கள், 75ஆம் பிரிவில் ஜெயித்தால் ஒழிய. தம்பி இப்போது கத்துகிறாரே தவிர, உண்மையில் அவருக்குக் காத்திருப்பதுதான் லாபம். அது அவருக்குத் தெரியாதவரை நல்லது.

காத்தாயி பேரன்:
ஐயா, பொது இடத்தில் எழுதிவிட்டீர்களே! அந்தத் தம்பியும் படிப்பாரே!

பால்காட்டுக் கிழவன்:
லயத்துக்காரி தங்கச்சிக்கும் பாதி வரும் என்று ஐயா சொல்லாமல் சொல்லிவிட்டார். தங்கச்சி, உங்கள் மனசு எந்தப் பக்கம்?

லயத்துக்காரி:
எனக்கு அந்த வீடு வேண்டாம் அண்ணே. அண்ணிதான் என் பிரசவத்துக்கு வந்து நின்றவர். சரி, அம்மா சம்மதித்தால் செய்முறை என்ன?

துப்பாசி62:
உயில் இல்லை, சொத்தில் நிலம் இருக்கிறது, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் இல்லை என்றால் அது சிறு சொத்து. 2024 ஜூலை 15க்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. கோர்ட் தேவையில்லை. சிறு சொத்துப் பகிர்வு அலுவலகத்தில் அம்மா பேரில் போராங் ஏ என்கிற விண்ணப்பப் பாரம் கொடுங்கள். இறப்புச் சான்றிதழ், கிராண்ட் நகல், வாரிசுகளின் ஐசி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து. பிறகு விசாரணைக்குத் தேதி போட்டுக் கடிதம் வரும். அங்கே அதிகாரி குடும்பத்தை உட்காரவைத்துக் கேட்பார். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், மறைக்காதீர்கள். திருமணம் பதியவில்லை என்பதையும் நேராகச் சொல்லுங்கள், எப்படியும் வெளியே வரும்.

வீடு அம்மா பேருக்கு வந்ததும் அவர் பேரப்பிள்ளைகளுக்கு அன்பின் பேரில் மாற்றிக் கொடுக்கலாம். 2023 ஏப்ரல் முதல் பாட்டி பேரனுக்கு மாற்றினாலும் முதல் பத்து லட்சம் வெள்ளி மதிப்புக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. உறவைக் காட்ட வேண்டும், பிறப்புச் சான்றிதழில் அண்ணன் பேர் இருக்கிறதா பாருங்கள். சின்னவன் 18க்குக் கீழ் என்றால் அவன் பங்கை எப்படிப் பதிவது என்று லாயரிடம் கேளுங்கள்.

அதுவரைக்கும் பாதுகாப்புக்கு அம்மா இன்றைக்கே ஓர் உயில் எழுதட்டும். உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், மருமகளுக்கும் எழுதலாம், அதற்குப் பதிவுத் திருமணம் கேட்க மாட்டார்கள். இரண்டு சாட்சி ஒரே நேரத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். சொத்து வாங்குகிறவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது போய்விடும், அதனால் அண்ணியும் பிள்ளைகளும் பேனாவைத் தொடக் கூடாது. வயதானவர் என்பதால் அதே நாளில் கிளினிக் டாக்டரிடம் "சுயநினைவோடு இருக்கிறார்" என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பின்னால் சண்டை வந்தால் அந்த ஒரு தாள் பேசும். இதை நான் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன்.

லயத்துக்காரி:
அம்மாவிடம் பேசிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என் மருமவளை யாரு வெளிய போவச் சொன்னது? அவனைக் கூப்புடு" என்றார். தம்பி வந்தான். என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன். பூட்டு அவன் மோட்டார் கூடையிலேயே இருக்கிறது. ஈப்போவில் ஒரு பெண் வழக்கறிஞர் உயில் எழுத ஒப்புக்கொண்டார், அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். போராங் ஏ நிரப்பியாகிவிட்டது, கிராண்டின் சான்றிட்ட நகல்தான் பாக்கி.

மஞ்சள்கயிறு:
பெட்டியில் ஆணை கிடைத்தது. "18 வயது வரை" என்றுதான் இருக்கிறது. மாற்றக் கேட்கப் போகிறேன்.

சிவப்பு ஐசி:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நாங்களும் 2006ல் கோயிலில் கட்டினோம், பதியவில்லை. மனைவி இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்தவர், குடியுரிமை இல்லை. மகனுக்கு மைகாட் அடையாள அட்டை கொடுக்க மறுக்கிறார்கள். இப்போது பதிந்தால் பிரயோசனம் உண்டா?

ஈப்போ ரோடு:
அண்ணே, உங்களுடையது இன்னும் சிக்கல். பதியாத திருமணத்துப் பிள்ளைக்குக் குடியுரிமை விஷயத்தில் தகப்பன் கணக்கில் வருவதில்லை, தாயைத்தான் பார்க்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் பதிந்த ஒரு வழக்கு 2021ல் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அந்தப் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தது. நான்குக்கு மூன்று என்று தோற்றது. உங்கள் மகன் இங்கே பிறந்தவனா, எந்த மருத்துவமனை, பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதை லாயரிடம் காட்டுங்கள். விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

துப்பாசி62:
ஆனாலும் பதியுங்கள். 1961ஆம் ஆண்டு லெஜிடிமசி சட்டப்படி, பெற்றோர் பின்னால் சட்டப்படி மணந்தால் அந்தத் தேதியிலிருந்து பிள்ளை சட்டப்படிப் பிள்ளை. குடியுரிமைக்கு அது தானாக வழி திறக்காது, சொத்துக்குத் திறக்கும். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் லயத்துக்காரி வீட்டு நிலைமை உங்கள் வீட்டுக்கு வராது. ஜேபிஎன்னில் விண்ணப்பம் கொடுத்து 21 நாள் அறிவிப்புப் பலகையில் இருக்கும், பிறகு ஆறு மாதத்துக்குள் நடத்திக்கொள்ள வேண்டும். மனைவி வெளிநாட்டவர் என்பதால் அவர் நாட்டுத் தூதரகத்தின் கடிதமும் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள், அதை முதலில் தயார் செய்யுங்கள். சாட்சி இரண்டு பேர்.

காத்தாயி பேரன்:
சாட்சிக்கு ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள் அண்ணே. சனிக்கிழமை மட்டும் எனக்கு ஓவர்டைம்.